லப்டொப்புக்கு எவ்வளவு ரேம்? கடைக்காரர் 8 என்கிறார், கனடா மாமா 32 என்கிறார்

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி மாலபேயில் ஐடி பட்டப்படிப்புத் தொடங்குகிறாள். உங்களுக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. இரண்டு பேருக்கும் லப்டொப் வேண்டும். பம்பலப்பிட்டிக் கடையில் “8 ஜிபி இப்போதைக்குக் காணும், தேவையென்றால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்” என்கிறார்கள். கனடாவில் இருக்கும் மாமா “32க்குக் குறைய வாங்காதே” என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். யாரைக் கேட்பது?

ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் தங்கள் தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். என் பதில், இரண்டு பேருக்கும் 16 ஜிபி. தங்கச்சியுடையது பின்னாளில் 32 ஆக்கக்கூடியதாக இருக்க வேண்டும், உங்களுடையதில் அது கட்டாயமில்லை. மாமா சொல்வது தப்பில்லை, ஆனால் உங்கள் இருவரின் வேலைக்கு அவ்வளவு காசு இன்று தேவையில்லை. கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி அரைகுறை உண்மை. “பிறகு கூட்டிக்கொள்ளலாம்” என்ற இரண்டாம் பாதியைத்தான் காசு கொடுக்கும் முன் நன்றாகக் கிண்டிப் பார்க்க வேண்டும். இன்று விற்பனைக்கு இருக்கும் மெல்லிய லப்டொப்களில் பலவற்றில் அந்தப் ‘பிறகு’ வரவே வராது. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், 8 ஜிபி ஏன் கடையில் வைத்துப் பார்க்கும்போது நன்றாகத் தெரிகிறது, வீட்டுக்கு வந்து சில மாதத்தில் ஏன் இழுக்கிறது என்று பார்ப்போம். அப்போதுதான் திறந்து வைத்த லப்டொப்பில் எதுவுமே ஓடவில்லை. ஒரு குரோம் ஜன்னல், ஒரு யூடியூப் வீடியோ, அவ்வளவுதான். விண்டோஸ் 11 தன் பாட்டுக்கு எழும்பி நிற்கவே, கம்பனிக்காரன் திணித்துவிட்ட செயலிகளையும் சேர்த்தால் சுமார் 3 முதல் 4 ஜிபி வரை எடுத்துவிடும். மைக்ரோசொஃப்ட் எழுதி வைத்திருக்கும் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபிதான். ஆனால் அது விண்டோஸ் நிறுவப்படுவதற்கான அளவு, நீங்கள் நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு அல்ல.

8 ஜிபி என்று பெட்டியில் எழுதியிருப்பதும் முழுதாக உங்கள் கைக்கு வராது. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத லப்டொப்களில் திரைக்கான வேலையைச் செய்யும் பகுதி இதே ரேமிலிருந்துதான் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஏஎம்டி கம்பனியின் ரைசன் புரொசசர் போட்ட சில லப்டொப்களில் ஆரம்பத்திலேயே 2 ஜிபியை ஒதுக்கி வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 8 ஜிபி என்று காட்டி, பக்கத்திலேயே பயன்படுத்தக்கூடியது 5.9 சொச்சம் என்று வரும். இன்டெலில் ஆரம்ப ஒதுக்கீடு குறைவு, 7.6, 7.7 என்று நிற்கும். ஆனால் வேலை நடக்கும்போது அதுவும் தேவைக்கேற்ப இழுத்துக்கொள்ளும். ஆக, விண்டோஸும் திரையும் எடுத்தது போக உங்கள் குரோம், எக்செல், சூம் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 3, 4 ஜிபி. சில ரைசன்களில் அதற்கும் குறைவு.

அது தீர்ந்தால் என்ன நடக்கும்? லப்டொப் நின்றுவிடாது. முதலில் விண்டோஸ் சிறிது நேரம் தொடாத விஷயங்களை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். அதுவும் போதாமல் போனால் எஸ்எஸ்டிக்கு, அதாவது ஃபைல்கள் நிரந்தரமாக இருக்கும் சேமிப்பகத்துக்கு, தள்ளும். புறக்கோட்டையில் மொத்தக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், முன் மேசையில் இருக்கிற சாமானைக் கேட்டால் உடனே கைக்கு வரும், மேசையில் இடமில்லாமல் பின் ஒழுங்கையில் உள்ள ஸ்டோருக்குப் போனதைக் கேட்டால் பெடியன் ஓடிப்போய் எடுத்து வரும்வரை நிற்க வேண்டும். ரேமோடு ஒப்பிட்டால் நல்ல எஸ்எஸ்டி கூட ஒரு சின்னத் துண்டுத் தகவலை எடுத்துக் கொடுக்கச் சில நூறு மடங்கு நேரம் எடுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் இந்த வித்தியாசம் ஆளைக் கொன்றுவிடும். எஸ்எஸ்டி வந்த பிறகு அது ஒரு தடுமாற்றமாக மட்டும் தெரிகிறது. குரோமில் ஒரு டாப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பக்கம் திரும்ப லோட் ஆகும், சூமில் திரையைப் பகிர்ந்தவுடன் குரல் வெட்டி வெட்டிப் போகும், எக்செலில் ஒரு கிளிக்குக்குப் பிறகு ஓரிரு விநாடி எதுவும் அசையாது. ஆட்கள் “லப்டொப் பழசாகிவிட்டது” என்று நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

சரி, உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதைக் கடைக்காரரிடமோ என்னிடமோ கேட்பதைவிட இப்போது வைத்திருக்கும் கணினியிடம் கேட்கலாம். கம்பனியில் மாத முடிவில் கணக்கு மூடும் நாளில், எல்லாம் திறந்து கிடக்கும் நேரம் பார்த்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரி. அங்கே சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விண்டோஸ் கிடைக்கிற ரேமைச் சும்மா விடாது. 16 ஜிபி கணினியில் அதே வேலைக்கு 9 ஜிபி எடுப்பது, 8 ஜிபி கணினியில் 6.5க்குள் அடங்கி ஓடும். நீங்கள் பார்க்க வேண்டியது ‘கமிட்டட்’ என்று எழுதியிருக்கும் எண். சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதுதான் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாச் செயலிகளும் சேர்ந்து கேட்டு வைத்திருக்கும் அளவு. அது உங்கள் மொத்த ரேமைவிடச் சிறிது கூடினால் பரவாயில்லை, கேட்டதையெல்லாம் செயலிகள் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. நாள் முழுக்க ஒன்றரை மடங்குக்கு மேல் நின்றால், எஸ்எஸ்டிதான் ரேமின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 8 ஜிபி கணினியில் இது 12, 13 என்று நின்றால் உங்களுக்கு 16 தேவை, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கணக்கு வேலைக்கு என்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய எக்செல் ஃபைல் திணறுகிறது என்று ரேம் கூட்டிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பல அலுவலகங்களில் இன்னும் 32 பிட் எக்செல்தான் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கணினியில் 64 ஜிபி இருந்தாலும் 2 ஜிபி, மிஞ்சிப்போனால் 4 ஜிபிக்கு மேல் தொட முடியாது. எக்செலில் ஃபைல், அக்கவுன்ட், அபவுட் எக்செல் என்று போனால் மேலேயே 32 பிட்டா 64 பிட்டா என்று எழுதியிருக்கும். 32 என்றால் முதலில் ஐடி ஆளிடம் சொல்லி அதை மாற்றுங்கள், காசு செலவில்லாத வேலை. அதற்குப் பிறகு உங்களுக்கு 16 தாராளம். எக்செல், அவுட்லுக், டீம்ஸ், முப்பது டாப் திறந்த குரோம், ஒரு கணக்கு மென்பொருள் எல்லாம் அதற்குள் சமாளிக்கும்.

தங்கச்சியின் கதை வேறு. ஐடி படிக்கும் பிள்ளைக்கு முதல் வருடத்தில் 8 கூடப் போதும்போலத்தான் இருக்கும். பைதனும் ஜாவாவும் பெரிதாக எதையும் கேட்காது. அதன் பிறகுதான் சுமை ஏறும். போன் செயலிகள் எழுதப் பாவிக்கும் அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கூகுளே அந்த மென்பொருளுக்குக் குறைந்தது 8 ஜிபி என்றும், கணினிக்குள்ளேயே ஒரு போலிப் போனை ஓட்டிப் பார்ப்பதென்றால் 16 என்றும் சொல்கிறது. செயலிகளைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் டொக்கர் என்ற மென்பொருளைப் படிக்கும்போது விண்டோஸுக்குள் ஒரு லினக்ஸ் ஓடும். அது வழக்கமான அமைப்பில் மொத்த ரேமில் பாதி வரை எடுக்க அனுமதி பெற்றே வருகிறது. 8 ஜிபியில் பாதி போனால் மிச்சத்தில் விண்டோஸே மூச்சு வாங்கும். நெட்வேர்க், செக்கியூரிட்டிப் பாடங்களில் வேர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள்ளேயே ஓடும் இன்னொரு கணினி, போடச் சொல்வார்கள். ஒன்றுக்கு 2 முதல் 4 ஜிபி கொடுக்க வேண்டும், சில செய்முறைகளுக்கு இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். இவற்றோடு விரிவுரை வீடியோவும் குரோமில் இருபது பக்கமும். ஆகவே அவளுக்கு 16 என்பது ஆரம்பம். கடைசி வருடப் புரொஜெக்ட் செய்யும்போது 32 தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். எந்தப் பக்கம் போவாள் என்று இப்போது யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவளுடையது திறந்து கூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

ஏஐ பற்றியும் கேட்டிருந்தீர்கள். சட்ஜிபிடி மாதிரி இணையத்தில் ஓடுவதற்கு உங்கள் ரேமோடு சம்பந்தமே இல்லை, அது குரோமில் இன்னொரு பக்கம்தான். ஏஐ மொடலை லப்டொப்புக்குள்ளேயே இறக்கி ஓட்டிப் பார்ப்பதென்றால் கணக்கு மாறும். 800 கோடி அளவுருக்கள் உள்ள ஒரு சின்ன மொடல், நன்றாகச் சுருக்கப்பட்ட வடிவத்திலும் 5 ஜிபி அளவு இடம் பிடிக்கும். 16இல் ஓட்டலாம், பக்கத்தில் வேறு பெரிய வேலை செய்ய முடியாது. மைக்ரோசொஃப்ட் 2024இல் கோபைலட் பிளஸ் என்று ஒரு வகை லப்டொப்பை அறிவித்தபோது அதற்குக் குறைந்தது 16 ஜிபி என்றுதான் கட்டளை போட்டது. அதே வருடம் ஒக்டோபரில் அப்பிளும் மக்புக் எயாரின் ஆரம்ப அளவை 8இலிருந்து 16 ஆக்கியது. “மக்கில் 8 என்றால் விண்டோஸில் 16 மாதிரி” என்று வருடக்கணக்காகச் சொல்லப்பட்டு வந்த கதை அத்தோடு ஓய்ந்திருக்க வேண்டும். கொழும்பில் பழைய எம்1 மக்புக் 8 ஜிபியை இன்னும் அந்தக் கதையைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

லப்டொப்புக்குள் ரேம் வைக்கப்படும் விதம் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. சிலதில் இரண்டு ஸ்லொட் இருக்கும், ரேம் கார்ட்டைக் கழற்றலாம், மாற்றலாம். சிலதில் ஒரு பகுதி மதர்போர்ட் என்ற பிரதான பலகையிலேயே சொல்டர் பண்ணப்பட்டு, அதாவது கழற்ற முடியாதபடி ஒட்டப்பட்டு, கூடவே ஒரு ஸ்லொட் இருக்கும். திங்க்பாட் டி14இன் முதல் சில தலைமுறைகள் அப்படித்தான். சிலதில் எல்லாமே சொல்டர், திங்க்பாட் எக்ஸ்1 கார்பன் போன்ற மெல்லியவை இந்த வகை. இன்டெல் 2024இல் விட்ட கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் மதர்போர்ட்டில்கூட இல்லை, புரொசசரோடு ஒரே பொதியாக வருகிறது. அதில் 16 அல்லது 32, வேறு அளவே கிடையாது. புரொசசர் எண்ணின் கடைசி இலக்கமே அதைச் சொல்லிவிடும்: 256வி என்றால் 16, 258வி என்றால் 32. அப்பிளிலும் ரேம் புரொசசரோடு சேர்ந்த பொதிதான். இந்த வகைகளில் வாங்கும் நாளில் எடுத்ததுதான் கடைசி வரைக்கும்.

கடையில் “கூட்டலாம், கூட்டலாம்” என்று தலையாட்டுவார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, நிறையப் பேருக்கு அந்தக் குறிப்பிட்ட மொடலைப் பற்றித் தெரியாது. ஒரே பெயரில் போன வருடம் வந்ததில் ஸ்லொட் இருக்கும், இந்த வருடம் வந்ததில் இருக்காது. நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. காட்சிக்கு வைத்திருக்கும் லப்டொப்பில் அதே டாஸ்க் மனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தில் கீழே பாருங்கள். எத்தனை ஸ்லொட், அதில் எத்தனை பயன்பாட்டில் என்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் ‘ஃபோர்ம் ஃபெக்டர்’ என்ற வரியில் ‘சோடிம்’ என்று இருந்தால் கழற்றக்கூடிய கார்ட். ‘ரோ ஒஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் சொல்டர் பண்ணியது. இந்த வரி சில மொடல்களில் தப்பாகக் காட்டுவதும் உண்டு, அதனால் இதோடு நிறுத்தாமல் லப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மொடல் எண்ணைப் போனில் படம் எடுத்து, தயாரித்த கம்பனியின் விபரப் பக்கத்தில் மெமரி வரியைப் படியுங்கள். அங்கே ரேம் வகையின் பெயர் எல்பிடிடிஆர் என்று தொடங்கினால், மிக அரிதான சில மொடல்களைத் தவிர, சொல்டர்தான். வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்றால் ஸ்லொட் இருக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் எத்தனை ஸ்லொட், அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். 8 சொல்டர், ஒரு ஸ்லொட் காலி என்றால் பிறகு 8 போட்டு 16 ஆக்கலாம், 16 போட்டு 24 ஆக்கலாம்.

இன்னொன்று, டிடிஆர்4 ஸ்லொட்டில் டிடிஆர்5 கார்ட் போகாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. அலுவலகத்தில் யாரோ கழற்றிக் கொடுத்த கார்ட்டை எதிர்பார்த்து லப்டொப் வாங்காதீர்கள். மூடியைத் திறந்தால் வொறன்டி போகுமா என்பதையும் வாங்கும்போதே கேட்டு, கூட்டுவதை அவர்கள் கையாலேயே செய்து தருவார்களா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஆறு மாதம் கழித்து வேறொரு விற்பனையாளர் நிற்கும்போது உதவாது.

16 ஜிபி என்று முடிவெடுத்த பிறகும் ஒரு சின்னக் குழப்பம் மிச்சம் இருக்கிறது. ஒரே 16 கார்ட்டா, இரண்டு 8ஆ? இரண்டு கார்ட் போட்டால் புரொசசர் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும், ரேமின் வேகம் இரட்டிப்பாகும். டிடிஆர்4 3200இல் ஒரு கார்ட் விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு என்றால் 51.2. இந்த வித்தியாசம் எக்செலிலோ ஜாவாவிலோ பெரிதாகத் தெரியாது. விளையாட்டிலும் வீடியோ எடிட்டிங்கிலும், அதுவும் தனி கிராஃபிக்ஸ் இல்லாத லப்டொப்பில், நன்றாகவே தெரியும். 11, 12, 13ஆம் தலைமுறை இன்டெலில் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று விளம்பரப்படுத்திய கிராஃபிக்ஸ், ஒரே கார்ட் போட்ட லப்டொப்பில் வெறும் ‘யூஎச்டி’ என்று காட்டுவதற்குக் காரணம் இதுதான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போவதற்கு முன் ஸ்லொட்டைப் பாருங்கள்.

தங்கச்சிக்கு நான் ஒரே 16 கார்ட் போட்டு, பக்கத்து ஸ்லொட் காலியாக இருக்கும் லப்டொப்பைத்தான் எடுப்பேன். கொஞ்ச வேகம் குறைவு, ஆனால் 32 ஆக்கும் நாளில் இன்னொரு 16 வாங்கினால் போதும். இரண்டு 8 என்றால் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு 16 வாங்க வேண்டிவரும். உங்களுக்கு இரண்டு 8ஓ சொல்டர் பண்ணிய 16ஓ எதுவும் சரி.

“இப்போது 8 வாங்கு, ரேம் விலை இறங்கும்போது கூட்டு” என்பது நெடுநாள் நல்ல ஆலோசனையாகத்தான் இருந்தது. ரேம் விலை ஏறி இறங்கினாலும் நீண்ட ஓட்டத்தில் இறங்கியே வந்தது. 2025இன் கடைசிப் பகுதியில் அது தலைகீழாகிவிட்டது. உலகத்தின் பெரும்பங்கு ரேம் சிப்பைச் செய்வது சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று கம்பனிகள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய விலை கூடிய ரேம் பக்கம் அவை திரும்பியதும், லப்டொப்புக்கும் டெஸ்க்டொப்புக்கும் வேண்டிய சாதாரண ரேம் தட்டுப்பட்டு விலை மளமளவென்று ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரோன், ரேம் மாற்றிப் பழகியவர்களுக்கெல்லாம் தெரிந்த குரூஷியல் என்ற தன் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. நமக்கு இதற்கு மேல் டொலர் வேறு. 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்த ஊர் இது. இறக்குமதி செய்யும் ஒரு பொருளைப் பற்றி “பிறகு மலிவாகும்” என்று நம்பித் திட்டம் போடுவது கொழும்பில் எனக்குச் சரியாகப் படவில்லை. எவ்வளவு தேவை என்று தெரிந்துவிட்டால் அதை லப்டொப்போடு சேர்த்தே வாங்குங்கள். பிறகு கூட்டும் வழி என்பது நிச்சயமில்லாத தேவைக்கு மட்டும்.

காசு இறுக்கமாக இருந்தால் எங்கே குறைப்பது? புரொசசரில் குறையுங்கள். நம் ஆட்களுக்கு ‘ஐ7’ ஸ்டிக்கரில் ஒரு மயக்கம் இருக்கிறது. கடைகளும் அதைத் தெரிந்து ஐ7இல் 8 ஜிபியைப் போட்டு, விலையைப் பிடித்து நிறுத்தி, முன்னால் அடுக்கி வைக்கின்றன. கல்யாணத்துக்குக் கொடுக்கிற மாதிரி லப்டொப் அது, பார்வைக்கு நல்லது. ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று எடுத்தால் பெரும்பாலும் அதே விலைக்குள்ளோ குறைவாகவோ வரும், உங்கள் இருவருக்கும் நாளாந்த வேலையில் அதைவிட நன்றாக ஓடும். எஸ்எஸ்டியை 256க்கு இறக்காதீர்கள். ரேம் நிரம்பி எஸ்எஸ்டிக்குத் தள்ளும்போது அங்கேயும் இடமில்லாவிட்டால் இரட்டைக் கஷ்டம்.

பாவித்த லப்டொப் வாங்குவதில் உங்களுக்குக் கூச்சம் இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பனிகள் பாவித்துக் கழித்த திங்க்பாட், லட்டிடியூட், எலீட்புக் கொழும்பில் தாராளமாக வருகின்றன. அந்தக் காலத்து அலுவலக மொடல்கள் பலவற்றில் ஸ்லொட் உண்டு. திங்க்பாட் டி480இல் இரண்டு இருக்கின்றன, டிடிஆர்4. கவனிக்க வேண்டியது புரொசசர் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்து. டி480 என்ற பெயரிலேயே 7ஆம் தலைமுறை போட்டும் விற்றிருக்கிறார்கள், ஆகவே ஐ5க்குப் பின்னால் வரும் எண் 8இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். எந்த ரேம் போட்டார்கள் என்று தெரியாத நிலையில், வாங்கிய அன்று இரவே விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னோஸ்டிக்கை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பழுதான ரேம் காரணமில்லாமல் நீலத் திரையைக் காட்டும், ஃபைலைக் கெடுக்கும். திருப்பிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள் தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் கணக்கு வேலைக்கு 16 ஜிபி போட்ட அப்படியொரு லப்டொப் தாராளமாகக் காணும், மிச்சக் காசைத் தங்கச்சியுடையதில் போடலாம்.

மாமா கனடாவில் 32 ஜிபி வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அவர் காசு, அவர் பாசம். ஆனால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மொடலின் வொறன்டி இலங்கையில் செல்லுமா, இல்லை கனடாவுக்குள் மட்டுமா? சில கம்பனிகள் வரிசைக்கு வரிசை வேறு மாதிரி வைத்திருக்கின்றன. அடுத்தது கீபோர்ட். அங்கே கடைகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த கீபோர்ட் உள்ள லப்டொப்கள் நிறைய விற்கின்றன. இடப்பக்க ஷிஃப்ட் சின்னதாகவும் என்டர் வேறு வடிவிலும் இருக்கும். நாள் முழுக்க கோட் எழுதப்போகும் பிள்ளைக்கு அது பெரிய தலையிடி. ஆங்கில கீபோர்ட்தானா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே 8 ஜிபி வாங்கிவிட்டு இதை வாசிக்கிறவர்கள் உடனே விற்க ஓட வேண்டியதில்லை. குரோமில் மெமரி சேவர், எட்ஜில் தூங்கும் டாப் வசதி இரண்டும் உண்மையாகவே உதவுகின்றன, போட்டுக்கொள்ளுங்கள். டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் கணினி எழும்பும்போதே எழும்புகிறவற்றை நிறுத்துங்கள். ‘ரேம் கிளீனர்’ என்று வரும் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம். அவை விண்டோஸ் நாளைக்கு உதவும் என்று வைத்திருப்பதையெல்லாம் வெளியே எறிந்துவிட்டு, ரேம் காலியாகிவிட்டது என்று ஒரு பச்சை வட்டத்தைக் காட்டும். அடுத்த நிமிடம் விண்டோஸ் அதையெல்லாம் எஸ்எஸ்டியிலிருந்து திரும்ப இழுக்கும்.

சனிக்கிழமை யூனிட்டி பிளாசாவுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். போகும் முன் இரண்டு மூன்று மொடல்களின் முழு எண்ணை எடுத்து, மெமரி வரியை வீட்டிலேயே வாசித்துவிட்டுப் போங்கள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கீபோர்ட்டை அவள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். லப்டொப்பை ஓன் பண்ணி டாஸ்க் மனேஜரைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மறுத்தால் கோபப்பட வேண்டாம், அந்தக் கட்டடத்தில் கம்பியூட்டர்க் கடைகளுக்குக் குறைவில்லை.